கோரைக்கு ஒரு கரை வேண்டும்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1955-ல் தொடங்கி அடுத்தடுத்து நடந்த குளிப்புகளின் முடிவு அது. அதற்குப் பிறகு தோலாயிரம் பார் என்ற கடலடிச் சிப்பித் திட்டிலோ மற்றப் பார்களிலோ குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி விளையவே இல்லை. முயற்சிக்குக் குறைவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1973-ல் இங்கேயே வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார்கள். 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். எண்பதுகளின் பிற்பாதியில் லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பார்களில் விட்டார்கள். நாடே பெருமைப்படத்தக்க அறிவியல் இது. ஆனாலும் பார் பழைய பாராகத் திரும்பவில்லை. முத்துச்சிப்பி என்ற இனம் அழியவில்லை, இன்றும் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. அது கூட்டங்கூட்டமாக ஒட்டிப் பெருகும் இடமாகப் பார் இல்லாமல் போனதுதான் இழப்பு.

இந்தப் பாடத்தை நாம் கடலோடு விட்டுவிட்டோம். அதே மாவட்டத்தில், அதே கடலில் வந்து விழும் ஆற்றின் கரையில், அதே கதை இன்னொரு முறை நடக்கிறது. இந்த முறை போய்க்கொண்டிருப்பது கோரை.

தாமிரபரணிக் கரையின் பாய்க்கோரையைச் சொல்கிறேன். சைப்பரஸ் பங்கோரை என்று 1773-ல் டென்மார்க் தாவரவியலர் ராட்பெல் பெயரிட்ட செடி. பார்த்தால் புல் போலத் தெரியும், ஆனால் புல் இல்லை. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையாக, கணுவோடு, உள்ளே கூடாக இருக்கும். கோரைத் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். கணு இருக்காது, உள்ளே வெண்மையான சோறு நிறைந்திருக்கும். அந்தக் கணுவில்லாத நீளமும் உள்ளிருக்கும் சோறும்தான் அதைப் பாய்க்கு உகந்ததாக்கின. உலகில் கோரைக் குடும்பத்தில் சுமார் 5,500 இனங்கள் உண்டு. வயலில் உழவரை வாட்டும் கோரைக்கிழங்குச் செடியும், பஞ்ச காலத்தில் கடலோர மக்கள் தோண்டித் தின்ற சிலந்தியரிசியும், எகிப்தின் பாப்பிரஸும் இதே குடும்பம்.

பாய்க்கோரை அழிவின் விளிம்பில் நிற்கும் செடி என்று நான் சொல்ல வரவில்லை. எந்தச் சிவப்புப் பட்டியலிலும் அது அபாயத்தில் உள்ளதாக இல்லை. கரூர், முசிறிப் பக்கம் காவிரிப் பாசனத்தில் வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள், மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிறது. தாமிரபரணிக் கோரையில் பேரெடுத்த பத்தமடைப் பாய்க்கும் இன்று கோரை அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. முன்பு ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குளத்து விளிம்பிலும் தானாக வளர்ந்ததை அறுத்து வந்து, நுண்ணிய இழைகளாகக் கீறி, ஓடும் ஆற்றுநீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்து நெய்தார்கள். நூறு இழைக்கும் மேற்பட்ட நுண்பாயைத் துணி மடிப்பதுபோல் மடிக்கலாம். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போனதைப் பத்தமடையில் இன்னும் சொல்வார்கள். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய் இல்லாமல் நெல்லைச் சீமையில் ஒரு காலத்தில் கல்யாணம் நடக்காது. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீடு பாயின் பெயரைக் காக்கிறது. பாய்க்குக் கோரை தந்த கரையைக் காக்க அதில் ஒரு வரியும் கிடையாது.

கரூரில்தான் விளைகிறதே, அப்புறம் என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. தொட்டியில்தான் சிப்பி பொரிக்கிறதே என்று நிம்மதியடைந்ததற்கும் இந்தக் கேள்விக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வயலில் நட்ட கோரை ஒரு பயிர். உரம் போட்டு, களை எடுத்து, பருவத்தில் ஒட்ட அறுத்துவிடுவார்கள். அதில் தாழைக்கோழி முட்டையிடாது, மீன் குஞ்சு ஒளியாது, கரை மண்ணை அது பிடித்து நிறுத்தாது. ஆற்றோரக் கோரை நீருக்கும் நிலத்துக்கும் நடுவில் நின்று செய்கிற வேலை வேறு. தரைக்கடியில் ஓடும் அதன் கிழங்குத் தண்டுகள் வலை பின்னி மண்ணைக் கட்டுகின்றன, தண்டுக் கூட்டம் வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்து வண்டலைப் படிய வைக்கிறது. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது என்றால், அது இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால். அப்படிப் படியும் ஈர வண்டலில் முதலில் வேர்விடும் செடிகளில் கோரையும் ஒன்று.

ஒரு செடி ஒரு தேசத்தின் அடையாளமாகவே இருந்தும் அந்தத் தேசத்தின் ஆற்றிலிருந்து மறைந்துபோக முடியுமா? முடியும். எகிப்து தன் வரலாற்றையே பாப்பிரஸ் கோரையில்தான் எழுதிவைத்தது. கோயில் தூண்களைக்கூட அதன் வடிவில் செதுக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வந்தபோது நைல் டெல்டாவில் இயல்பாக வளர்ந்த பாப்பிரஸ் இல்லாமலே போயிருந்தது. சதுப்பு வயலானது, வயலுக்காக வெள்ளம் கட்டுப்படுத்தப்பட்டது, காகிதம் வந்தபின் அதை நட்டு வளர்க்கும் தேவையும் தீர்ந்தது. 1960-களில் ஹசன் ரகப் என்பவர் சூடானிலிருந்து செடி கொண்டுவந்து நட்டுத்தான் எகிப்து தன் பாப்பிரஸை மீண்டும் பார்த்தது. 1968-ல் வாதி அல் நட்ரூன் பள்ளத்தாக்கின் சதுப்பில் ஒரு சிறு இயற்கைக் கூட்டம் மிஞ்சியிருந்தது தாவரவியலர் கண்ணில் பட்டது. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால் பாப்பிரஸ் அரிய செடியே இல்லை, ஆப்பிரிக்கச் சதுப்புகளில் மைல் கணக்கில் நிற்கிறது. தன் ஆற்றில்தான் அது அரிதானது. அரிது என்பதை ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தாமிரபரணியில் என்ன நடந்தது? பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை சுமார் 128 கிலோமீட்டர். குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணை, வெள்ளையர் காலத்தில் 1870-களில் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம். மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் என்ற நான்கு கால்வாய்களும் அவற்றின் 53 குளங்களும்தான் தூத்துக்குடி மாவட்டத்தின் நஞ்சை. வடகாலின் கடைமடையில் கோரம்பள்ளம் குளம், அதைத் தாண்டினால் உப்பளம், துறைமுகம், கடல். இந்தக் கால்வாய் ஓரங்களும் குளங்களின் மேல்விளிம்பும், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர், முக்காணி வழியாகப் போகும் ஆற்றங்கரையும்தான் கீழ்த் தாமிரபரணியில் கோரைக்கு உரிய இடங்கள்.

முதலில் மணல் போனது. மணல் போனால் ஆற்றின் தரை தாழும். தரை தாழ்ந்தால் சரிவாக இருந்த கரை செங்குத்தாகும், கரையோரத்து நீர்மட்டமும் கீழிறங்கும். ஈரத்தில் நின்ற கோரை மேட்டில் காய்ந்து நிற்கும். அந்த மேட்டைப் பிடிக்கச் சீமைக்கருவேலத்துக்கு இரண்டு வருஷம் போதும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு, முதிர்ந்த வயதில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தாமே வாதாடி, 2010-ல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கினார். அப்படியும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், பட்டப்பகலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணிக் கரையைப் பற்றிப் பேசுகிற எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது.

அடுத்தது தண்ணீர். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே நெல்லும் வாழையும், நெல்லை, தூத்துக்குடி மாநகரங்களின் குடிநீரும், தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கான இருபது எம்ஜிடி (நாளுக்கு இருபது மில்லியன் கேலன்) திட்டமும் எடுத்தது போக மீதிதான் அணைக்குக் கீழே. தொழிற்சாலைகளுக்கு எடுக்கும் நீர் பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கோடையில் அணைக்குக் கீழே ஆறு குட்டைகளாகக் கிடக்கும், கடல்நீர் உள்ளே ஏறும். உப்பு ஏற ஏற நன்னீர்க் கோரை பின்வாங்கத்தான் செய்யும். இதோடு மாநகரக் கழிவுநீரைத் தின்று கொழுத்த ஆகாயத்தாமரை நீரை மூடிவிடுகிறது. “கடலில் வீணாகக் கலக்கும் தாமிரபரணித் தண்ணீர்” என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைப்பு போடுகிறோம். புன்னக்காயல் முகத்துவாரத்தின் அலையாத்திக்கும் இறாலுக்கும் மடவைக்கும், கோரைக்கும்கூட, அந்தத் தண்ணீர்தான் வாழ்வு. அதில் வீண் எதுவும் இல்லை.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது திருட்டைப் பற்றியல்ல, நல்லெண்ணத்தைப் பற்றி. தூர்வாருவதைச் சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாரும் பணி பசுமைத் தீர்ப்பாய உத்தரவோடு 2015-ல் நடந்தது, 2017 முதல் குடிமராமத்து என்ற பெயரில் குளங்களில் நடந்தது. தூர்வார வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. 53 குளங்களும் தூர்ந்து கிடந்தால் கடைமடை விவசாயிக்கு நெல்லே இல்லை. கேள்வி எப்படி வாருவது என்பது. பழைய குளத்துக்கு ஒரு பக்கம்தான் கரை. மற்ற பக்கம் தரை மெல்ல ஏறி வயலிலோ மேய்ச்சல் நிலத்திலோ போய் முடியும். மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் நீர் ஏறி, பங்குனி சித்திரையில் மெதுவாக வடியும் அந்தச் சரிவில்தான் கோரை நிற்கும், இலைக்கோழி நடக்கும், கெளுத்தியும் விராலும் முட்டையிடும். ஆழத்தில் கோரை மூழ்கிச் சாகும், மேட்டில் காய்ந்து சாகும். அதற்கு வேண்டியது நடுவில் உள்ள அந்த மெல்லிய சரிவு மட்டுமே.

பொக்லைன் வந்து குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாகக் கொட்டும்போது அந்தச் சரிவு ஒரே நாளில் போய்விடுகிறது. குளம் தொட்டியாகிறது. கொள்ளளவு கூடியதாகக் கணக்கு எழுதப்படுகிறது, கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். செய்தவர் மனதில் கெடுதல் இல்லை. ஆனால் குளத்தில் உயிர் குடியிருந்த பகுதி எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். கோரை இருந்திருந்தால் அந்த வெள்ளம் வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். அந்த மழையை எந்தச் செடியும் தடுத்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு உடைந்த கரைகளைப் பலப்படுத்துவது என்றாலே கல்லும் சிமெண்டும் ஆழவெட்டும்தான் என்று ஆகிவிட்டது. வெள்ளம் வந்து பரவி நிற்கத் தாழ்வான ஓரம் குளத்துக்கு வேண்டும் என்பதை அந்த இரண்டு நாள் நமக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டாமா?

விவசாயிக்கும் பொதுப்பணித்துறைப் பொறியாளருக்கும் கோரை மேல் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வயலுக்குள் புகுந்த கோரைக்கிழங்கைப் பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு ஒடிந்தவர்களிடம் போய்க் கோரையைக் காப்போம் என்றால் சிரிப்பார்கள். அந்தச் செடி வேறு, பாய்க்கோரை வேறு என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குள் மண்டும் கோரையும் சம்பும் தண்ணீரைத் தடுக்கும், அதை அறுத்துத்தான் ஆக வேண்டும். சொல்லப்போனால் பாய்க்கோரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும் செடி, அறுவடை அதற்குப் பகையே இல்லை. மடையும் வாய்க்காலும் விவசாயியுடையது, சுத்தமாக இருக்கட்டும். மடைக்கு எதிர்ப்பக்கத்துச் சரிவைத்தான் நான் கேட்கிறேன்.

சட்டம் அந்தச் சரிவுக்கு என்ன செய்கிறது என்று பார்த்தால் திகைப்புதான் மிஞ்சும். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், ஈரநிலம் எது என்று வரையறுக்கும்போதே ஆற்றுப்படுகையை விலக்குகின்றன. நெல்வயலை விலக்குகின்றன. குடிநீருக்காக வெட்டிய குளம், பாசனத்துக்காகக் கட்டியது, உப்பளம், மீன் வளர்ப்புக் குட்டை, எல்லாவற்றையும் விலக்குகின்றன. கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் வருபவற்றுக்கும் இந்த விதிகள் பொருந்தா. தூத்துக்குடி மாவட்டத்து ஈரத்திலிருந்து ஆறு, நெல்வயல், பாசனக் குளம், உப்பளம், கடலோரம் இவ்வளவையும் கழித்தால் மிச்சம் என்ன? தமிழகத்தின் ஈரநிலங்களில் பெரும்பகுதி ஏரியும் குளமும் கண்மாயும்தான், மனிதன் பாசனத்துக்குக் கட்டியவை. ஆயிரம் வருஷமாக நீர் நின்ற குளத்தை, கட்டியவன் மனிதன் என்பதற்காக ஈரநிலம் இல்லை என்று தள்ளுவது இந்த மண்ணை அறியாதவர்கள் எழுதிய விதி.

விதிவிலக்குக்கும் வழி இருக்கிறது என்பதற்குக் கூந்தன்குளமே சாட்சி. அதுவும் பாசனக் குளம்தான். ஊர்மக்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்ததால் 1994-ல் சரணாலயமானது, இப்போது ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவும் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆக, கூழைக்கடாவும் பூநாரையும் வந்தால் குளம் ஈரநிலமாகிறது, பவளமும் கடற்பசுவும் இருந்தால் கடல் ஈரநிலமாகிறது. இரண்டுக்கும் நடுவில் கோரை மட்டும் நிற்கிற குளத்துக்கு யாரும் இல்லை. பறவைக்கு ஆள் சேர்ந்த அளவு செடிக்குச் சேரவில்லை. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தோடு நெல்லை, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர்கள், மாணவர்கள் எனப் பலர் விடியற்காலையிலேயே கரைகளில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வேறெந்த ஆற்றுக்கும் எளிதில் வாய்க்காத பதிவு அது. அதே மனிதர்கள், அதே கரைகளில், அதே நாளில் கோரையையும் பதிந்தால் என்ன? எந்தக் குளத்தில் எந்தப் பக்கம் கோரைச் சரிவு மிஞ்சியிருக்கிறது, எத்தனை அடி அகலம் என்று எழுதினால் முதல் வருஷத்துக்குப் போதும். இனம் பிரித்தறிவது கடினம்தான், விதையை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் சில கோரைகளைச் சொல்ல முடியும். அதற்குத் தாவரவியல் துறையுள்ள கல்லூரிகள் பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களப்பணி கிடைக்காது.

அரசு செய்ய வேண்டியதில் புதுச் சட்டம் தேவைப்படாதவை பல உண்டு. தூர்வாரும் பணிக்கான ஒப்பந்தத்திலேயே, மடைக்கு எதிர்ப்பக்கத்துச் சரிவில் இயந்திரம் இறங்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். பல்லுயிர்ச் சட்டத்தின்படி மரபுத் தலங்களை அறிவிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மதுரை அரிட்டாபட்டி 2022-ல் அப்படி அறிவிக்கப்பட்டதால்தான் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்தபோது மக்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்தது, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தும் ஆனது. மரபுத் தலம் என்றால் பாசனத்தை நிறுத்த வேண்டியதில்லை, கோரை அறுப்பவரை விரட்ட வேண்டியதும் இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கும் முக்காணிக்கும் இடையே ஆற்றங்கரையில் ஒரு துண்டும், கடம்பாகுளம் போன்ற ஒரு பெரிய குளத்தின் மேல்விளிம்பும் முதலில் போதும். அங்கே அறுக்கும் உரிமையைப் பாய் நெய்பவர்களின் கூட்டுறவுக்குக் கொடுக்கலாம். எப்போது அறுக்க வேண்டும், எவ்வளவு விட்டு அறுக்க வேண்டும் என்பதை அவர்களைவிட வனத்துறை நன்றாக அறிந்திருக்காது.

நாற்றங்கால் போட்டுக் கரையில் நடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் சரிவு இல்லாத குளத்தில், நீர் ஓடாத ஆற்றில் நடுவது கடலில் குஞ்சு விட்ட கதையாகத்தான் முடியும். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே கோடையிலும் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அணைக்கு மேலே ஒவ்வொருவருக்கும் பங்கு எழுதியிருக்கிறது, அணைக்குக் கீழே உள்ள ஆற்றுக்கு மட்டும் எழுதவில்லை.

2.25 எக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களைக் களத்தில் போய்ப் பார்த்து எல்லை குறிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைத் தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம் இப்போதே கவனிக்க வேண்டும். கோடையில் நீர் தேங்கி நிற்கும் விளிம்பில் கோடு போட்டால் கோரைச் சரிவு வெளியே போகும். வெளியே போனதற்கு அடுத்த வருஷமே வாழைக்கன்றும் பட்டாவும் வந்துவிடும். கார்த்திகையில் நீர் ஏறும் உச்ச அளவில் கோடு போட வேண்டும். 53 குளங்களுக்கும் அப்படியொரு வரைபடத்தை அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராமசபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அடுத்த தூர்வாரும் ஒப்பந்தம் போடும்முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.